மலையூர் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்து முற்றத்தில் கல் பதிக்கும் முறை

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் 1819-இல் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பங்களா இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நீலகிரியில் அதுபோன்ற பழங்கட்டடத்தைச் சீரமைப்போர் முதலில் முற்றத்தின் மட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். கல் பதிப்பது கடைசி வேலைதான். ஆனால் மழைநீர் எப்பக்கம் போகும் என்பதை அந்த மட்டமே முடிவு செய்கிறது.

பழைய தளத்தின் மேலேயே புதுத்தளம் போட்டுப் போட்டு முற்றம் உள்தரைக்குச் சமமாக உயர்ந்திருந்தால், சுவரடியில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும். பூச்சு உப்புப் பூத்து உதிரும். எனவே கற்களுக்குச் சாக்கட்டியால் எண் இட்டுப் படமெடுத்து, பெயர்த்து அடுக்கிவிட்டு, கல் பதித்து முடிந்தபின் முற்றம் உள்தரையைவிட 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்கும்படி, அடியில் வரும் ஜல்லி, படுக்கை, கல் ஆகியவற்றின் கனத்தையும் கணக்கிட்டு மண்ணை எடுக்க வேண்டும். அஸ்திவாரத்தின் அடி தெரியுமளவுக்குத் தோண்டிவிடக் கூடாது.

காட்சிப் பொருள்களை வேறிடம் மாற்றியபின் கூரையையும் இறவாரத் தகரக் கால்வாயையும் சரிசெய்துவிட்டுச் சுவருக்கு வரலாம். பிற்காலத்தில் பூசிய சிமெண்டை உளியால் கையாலேயே கொத்தி எடுக்க வேண்டும். இயந்திரம் கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். சிமெண்ட் பூச்சு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாது. அதற்குப் பதிலாக, நன்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் சலித்த மணல் மூன்று பங்கும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரால் குழைத்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஈரச்சாந்து உறைந்து பொடியும் என்பதால், பனி ஓய்ந்தபின் தொடங்கி, ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்குமுன் முடிப்பதே உகந்தது.

முற்றத்தில் 10 செ.மீ. உடைகல் ஜல்லியைத் திமிசு என்னும் இடிகட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் 5 செ.மீ. மணலும் சுண்ணாம்பும் கலந்த படுக்கை விரித்து, சுவரிலிருந்து வெளிநோக்கி 3 மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு வைத்துக் கற்களை எண் வரிசையில் பதிக்க வேண்டும். குறையும் இடத்துக்குக் கொத்திய முகமுள்ள கருங்கல்லே ஏற்றது. பளபளப்பாக்கிய கிரானைட்டை ஏன்தான் விரும்புகிறார்களோ தெரியவில்லை, மூடுபனி நாளில் அதில் கால் நிற்காது. சுவரோரம் 30 செ.மீ. அகலத்துக்குக் கல் பதிக்காமல் சரளை நிரப்பி, அடியில் வடிகால் விட வேண்டும். சந்துகளைச் சாந்தால் நிரப்புமுன் வாளி நீரை ஊற்றிப் பார்த்து, தேங்கும் இடத்துக் கல்லை எடுத்துத் திரும்பப் பதிக்க வேண்டும்.