பாலைவனத்துக்கு ஒரு மடக்குக் குடில்: ஹெக்ஸாயர்ட் செய்வது எப்படி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் துணிக் கூடாரத்துக்குள் படுத்திருக்க முடியாது. வெயில் ஏற ஏற உள்ளே அனல் தகிக்கும். அதே இடத்தில் விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடாது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே நடக்கும் பர்னிங் மேன் கலை விழாவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. அங்கே நூற்றுக்கணக்கில் பளபளவென்று நிற்கும் அறுகோணக் குடில்கள்தான் ஹெக்ஸாயர்ட். வீடிழந்த மக்களுக்கான அவசரத் தங்குமிடமாக விநய் குப்தா 2002-இல் இதை வடிவமைத்தார். யாரும் இலவசமாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டுவிட்டார். நான் செய்து பார்த்து, பிரித்து, மறுபடி கட்டிய முறையைச் சொல்கிறேன்.

கணக்கு முதலில்

இரண்டு பக்கமும் அலுமினிய ஃபாயில் ஒட்டிய பாலிஐசோ போர்டு, அதாவது வெப்பம் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை, 12 வேண்டும். எட்டடிக்கு நாலடி, கனம் ஒரு அங்குலம். அமெரிக்காவில் கட்டுமானப் பொருள் விற்கிற பெரிய கடைகளில் கிடைக்கும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். உடைந்தால் மணி மணியாகக் காற்றில் பறந்துவிடும், பாலைவனத்தில் அதைப் பொறுக்கி மாளாது.

ஆறு போர்டுகள் அப்படியே சுவர். எட்டடிப் பக்கத்தைத் தரையில் வைத்தால் சுவர் நாலடி உயரம் வரும். மீதி ஆறையும் மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் 12 செங்கோண முக்கோணங்கள். ஒன்றைத் திருப்பிப் போட்டு இரண்டிரண்டாகச் சேர்த்தால், அடி எட்டடி, உயரம் எட்டடி உள்ள ஆறு பெரிய முக்கோணங்கள் கிடைக்கும். அதுதான் கூரை. ஒரு துண்டு கூட வீணாகாது. இந்த வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். கூரை நாலடி எழும்பும், ஆக நடுவில் எட்டடி உயரம். உள்ளே சுமார் 166 சதுர அடி. நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை

நீளமான கோல் ஒன்றை வைத்து, புதிய பிளேடு போட்ட கட்டரால் இரண்டு மூன்று தடவை கீறி வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் போனால் நுரை பிய்ந்துவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து வெட்டுவது நல்லது.

வெட்டியதும் எல்லா விளிம்புகளிலும் ஃபாயில் டேப் சுற்றுங்கள். இதற்கே 400 அடி டேப் பிடிக்கும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். டேப் சுற்றாத விளிம்பு ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள் தூளாக உதிரும்.

அடுத்தது கீல். இதற்கு ஆறு அங்குல அகல டேப் வேண்டும், நெடுக்கிலும் குறுக்கிலும் இழை ஓடுகிற வகை. சாதாரண டேப் இரண்டாம் நாளே விட்டுவிடும். கூரையின் 12 முக்கோணங்களையும் வரிசையாக இணைத்து, காகித விசிறி போல மடியும்படி செய்ய வேண்டும். எட்டடிப் பக்கங்கள் சேரும் இடத்தில் டேப்பை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். சாய்ந்த பக்கங்கள் சேரும் இடத்தில், அதாவது கூரை முதுகில், உள்பக்கம் ஒட்டுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஒட்டினால்தான் அடுக்கு தட்டையாக மடியும். ஒரு முதுகை மட்டும் இணைக்காமல் விடுங்கள், அதைக் களத்தில் மூடிக்கொள்ளலாம். சுவர்களை இரண்டிரண்டாக, உள்பக்கக் கீல் வைத்து மூன்று ஜோடியாக்குங்கள்.

இனி ஒரு நுணுக்கம். களத்தில் டேப் விழப்போகிற இடங்களில் எல்லாம், அதே டேப்பை முன்கூட்டியே ஒரு பட்டை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். களத்து டேப் இதன் மேல்தான் உட்காரும். திரும்பக் கிளம்பும்போது உரித்தால் டேப்பிலிருந்து டேப்தான் வரும், போர்டின் ஃபாயில் கிழியாது. முதல் வருடம் இது தெரியாமல் நான் நேராகப் போர்டில் ஒட்டினேன். உரித்தபோது ஃபாயிலும் கூடவே வந்து நுரை பல்லிளித்தது.

கதவை ஒரு சுவரில் மூன்றடி உயரத்துக்கு வெட்டுங்கள். சுற்றிலும் அரையடியாவது போர்டு மிஞ்ச வேண்டும். குனிந்துதான் நுழைய வேண்டியிருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு காற்றுத் துளைகள் வெட்டி, புழுதி வராமல் ஏசி ஃபில்டர் பொருத்துங்கள். டேப் ஒட்டிய குடிலில் காற்றுப் போக வழி இருக்காது, அதனால் துளை கட்டாயம். அடுப்பு, மெழுகுவர்த்தி எதுவும் உள்ளே கூடாது. இந்த நுரை தீப்பிடித்தால் புகை விஷம்.

எல்லாம் முடிந்ததும் வீட்டு வாசலில் ஒரு தடவை முழுதாகக் கட்டிப் பாருங்கள். அப்புறம் போர்டுகளின் உள்பக்கம் மார்க்கரால் எண் போடுங்கள்.

களத்தில் நிறுத்துவது

முதலில் கயிறும் முளையும். போர்டைத் தொடுவதற்கு முன்பே இவற்றை எடுத்து வெளியில் வையுங்கள். பிளாக் ராக், பழைய லஹோன்டான் ஏரி வற்றிய படுகை. காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. ஒரு தடவை கூரையை ஏற்றிவிட்டு, "சாப்பிட்டுவிட்டு வந்து கட்டலாம்" என்று உட்கார்ந்தோம். புழுதிக்காற்று வந்தது. கூரையின் ஒரு ஓரம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. நாலு பேர் ஓடிப்போய்த் தொங்கிப் பிடித்தோம். அதற்குப் பிறகு கட்டி முடிக்காமல் நான் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை.

மூன்று சுவர் ஜோடிகளையும் அறுகோணமாக நிறுத்தி, மூலைகளை வெளியே டேப்பால் இணையுங்கள். கதவு காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் கூரையைத் தரையிலேயே விசிறி போல விரித்தால் கூம்பாக எழும்பும். ஒருவர் உள்ளே தவழ்ந்து போய் எட்டடி இணைப்புகளை உள்பக்கம் ஒட்ட, மற்றவர்கள் வெளியே முதுகுகளை ஒட்டலாம். பிறகு மூலைக்கு ஒருவராக ஆறு பேர் தூக்கிச் சுவர் மேல் வையுங்கள். கனமே இருக்காது, ஆனால் காற்றடித்தால் படகின் பாய் மாதிரி இழுக்கும். அதனால் காலையில், காற்று கிளம்புவதற்கு முன் செய்வது உத்தமம். கூரையும் சுவரும் சேரும் இடத்தைச் சுற்றிலும் ஒட்டுங்கள்.

உடனே கயிறு. 40 அடிக் கயிறு மூன்று. ஒவ்வொன்றையும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, உச்சி வழியாக முதுகோடு போட்டு, இரண்டடி முறுக்குக் கம்பியைத் தரையில் சாய்வாக அடித்து இழுத்துக் கட்டுங்கள். கூரை ஓரத்தில் கயிறு அழுத்தும் இடத்தில் துணி மடித்து வையுங்கள். கம்பியின் தலையில் பழைய டென்னிஸ் பந்தைச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் கம்பி காலைக் கிழிக்கும்.

பிரிக்கும்போது

கயிற்றைக் கடைசியில்தான் அவிழ்க்கத் தோன்றும், ஆனால் கூரையை இறக்க அதை முன்பே அவிழ்த்தாக வேண்டும். ஆகவே ஆறு பேரும் மூலைகளைப் பிடித்த பிறகே அவிழுங்கள். டேப்பை மெதுவாக, மடக்கி உரியுங்கள். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். குடில் நின்ற இடத்தில் வரிசையாக நடந்து ஃபாயில் துணுக்கு, நுரைத் துகள் எல்லாம் பொறுக்கிப் பையில் போடுங்கள். அந்தப் புழுதி காரத்தன்மை உள்ளது. வீட்டுக்கு வந்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் துணி நனைத்துப் போர்டுகளைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, படுக்கை வசத்தில் அடுக்கி வையுங்கள். சாய்த்து வைத்தால் ஒரே வருடத்தில் வளைந்துவிடும்.