பெர்சியைத் தேடினால் ஸ்மித்சன் கிடைப்பார்: ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் குடும்பப் பெயரை வைத்து முன்னோரைத் தேடுபவர்கள் முதலில் சறுக்குவது, பெயர் தந்தைவழியில் மட்டுமே இறங்கியிருக்கும் என்று நம்புவதில்தான். வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்தின் பெர்சி குடும்பத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே அதன் வாரிசு ஆக்னஸ் டி பெர்சி என்ற பெண். அவரை மணந்த லூவேன் வம்சத்து ஜாஸ்லினின் வழித்தோன்றல்கள் தாயின் குடும்பப் பெயரையே ஏற்றார்கள். 1670இல் அந்தக் குடும்பத்தின் 11ஆம் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய கொள்ளுப்பேத்தி எலிசபெத் சீமோரை 1740இல் மணந்த ஹியூ ஸ்மித்சன், 1750இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே பெர்சி ஆகி, 1766இல் ஏர்லைவிட உயர்ந்த டியூக் பட்டமும் பெற்றார். ஆக, அவருக்குப் பின் வந்த பெர்சி டியூக்குகள் தந்தைவழியில் ஸ்மித்சன்களே. அந்த ஹியூவுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த ஜேம்ஸோ மேசி என்ற பெயரில் வளர்ந்து, தாய் இறந்த பிறகே ஸ்மித்சன் ஆனார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருடைய உயில் பணத்தில் 1846இல் தோன்றியது. பெர்சி என்ற பெயரை மட்டும் துரத்துபவர் கண்ணில் இவர் படவே மாட்டார்.

பெயருக்கென்று குலச்சின்னம் இருப்பதாக நினைத்துக் காசு கொடுத்து வாங்குவதும் வீண். இங்கிலாந்தில் சின்னம் தனிமனிதருக்கும் அவருடைய முறையான வழித்தோன்றல்களுக்கும் உரியது; அதே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல.

தேவாலயப் பதிவேடுகள் 1538இல் தொடங்கின. ஆனால் 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. திருமணம் 1700 ஏப்ரல், ஞானஸ்நானம் 1700 பிப்ரவரி என்று பதிவாகியிருந்தால், குழந்தை திருமணத்துக்கு முன் பிறந்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நம் கணக்கில் அது 1701 பிப்ரவரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, புகழ்பெற்ற ஒருவரிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி, எப்படியாவது தன் பாட்டனோடு முடிச்சுப் போடுவது. தன் பெற்றோரிலிருந்து ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று தேடி மேலேறுவதே முறை. 1837 ஜூலைக்குப் பிந்தைய பிறப்பு, திருமணப் பதிவுகள் அரசிடமே உண்டு. தலைகீழாகத் தொடங்கினால் என்னவாகும் என்பதற்கும் பெர்சி கதையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 11ஆம் ஏர்ல் இறந்ததும், டப்ளினில் பெட்டி செய்து பிழைத்த ஜேம்ஸ் பெர்சி, அந்தப் பட்டம் தனக்கே உரியதென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடினார். தன் பாட்டனைப் பற்றிய கதையைக்கூட அவர் நடுவில் மாற்றிச் சொல்ல வேண்டிவந்தது. 1689இல் பிரபுக்கள் சபை, ‘நார்தம்பர்லாந்து ஏர்ல் பட்டத்துக்குப் பொய்யாக உரிமை கோரிய வெட்கங்கெட்டவன்’ என்று எழுதிய தாளை மார்பில் அணிந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றங்களின் முன் நிற்கும்படி அவருக்குத் தண்டனை விதித்தது.