இரைப்பை ஆபரேஷனுக்குப் பிறகு பச்சைக்காய்க்குத் திரும்புவது எப்படி

பர்மாவில், மோல்மீனிலிருந்து ஒரு தங்கை போன வாரம் போன் செய்தாள். சென்னையில், எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து ஆறு வாரம் ஆகிறது. "அக்கா, முட்டை, மீன், குழைந்த சோறு எல்லாம் சரியா இறங்குது. தோ எப்ப சாப்பிடலாம்?" என்றாள். கேட்கும்போதே குரல் கம்மியது. எனக்கும் அதே ஆபரேஷன், அதே ஏக்கம். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்குச் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு பச்சைக்காயும் தொட்டுக்கொள்ள ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதும் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. தோ என்றால் கையால் பிசைந்து கலப்பது. சென்னையில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்று விற்கிறார்களே, அதே சொல்தான். ஆபரேஷன் முடிந்த பத்தாவது நாள், வெறும் சூப்பில் இருந்தபோது, அந்தக் கடைகளைத் தாண்டி ஆட்டோவில் போனேன். கோஸ் நறுக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவளுக்குப் போனில் சொன்னதையே இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் காத்திருக்க வேண்டும்? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் மாதிரி நீளக் குழாயாக மிச்சம் வைக்கிறார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னும் சின்னது. 30 மில்லி பிடிக்கிற பை, அதிலிருந்து குடலுக்கு இறங்கும் வழி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பழைய இரைப்பை உணவைப் பிசைந்து, அமிலத்தில் ஊறவைத்துக் கூழாக்கியது. அந்த வேலை இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. வெந்த காயில் நார் குழைந்திருக்கும், பச்சையில் குழையாது. அரைபடாத நார் அப்படியே தங்கிவிடும். சிலருக்கு அது திரண்டு உருண்டையாகிக் குடலையே அடைத்துவிடுவதும் உண்டு. அதனால் இரைப்பை செய்த வேலையை இனிமேல் கத்தியும் துருவியும் பல்லும் செய்தாக வேண்டும். காய் எது என்பதைவிட, அதை எப்படி வெட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

என் டயட்டீஷியன் எனக்கு எட்டு வாரம் என்றார். சிலருக்கு ஆறு, சிலருக்கு மூன்று மாதம் என்றும் சொல்வார்கள். உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் சொன்ன கணக்குதான் உங்களுடையது, என்னுடையது அல்ல. அந்த நாள் வந்தாலும் நான் இன்னொன்றையும் பார்ப்பேன். வேகவைத்த சுரைக்காய், பூசணி, கேரட் மூன்றும் இரண்டு வாரமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் இறங்குகிறதா? இல்லையென்றால் பச்சைக்காய் இன்னும் காத்திருக்கட்டும்.

சரி, ஆரம்பிக்கலாம். முதல் காய் வெள்ளரி, பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். தோலை முழுதாகச் சீவுங்கள், பச்சைக் கீற்று ஒன்றுகூட மிஞ்ச வேண்டாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சின்னக் கரண்டியால் நடுவில் இருக்கிற விதையை வழித்து எடுத்துவிடுங்கள். மிச்சம் வெள்ளையாக, படகு மாதிரி இருக்கும். அதைத் துருவியின் சின்னக் கண்ணில் துருவுங்கள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஐந்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும், அதைப் பிழிந்துவிடுங்கள். மிஞ்சுவது இரண்டு மேசைக்கரண்டிதான் இருக்கும். முதல் நாளுக்கு அது போதும்.

முதல் மூன்று நான்கு தடவை இதைக் கெட்டித் தயிரில் கலந்து, நம் வீட்டுப் பச்சடியாகச் சாப்பிடுங்கள். தயிரில் புரதமும் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு இறங்கும். கடுகு தாளிக்க வேண்டாம். அது ஒத்துக்கொண்டால் தோவுக்கு வரலாம். வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடிக்காமல் மாவாகப் பொடித்து ஒரு டீஸ்பூன், வறுத்த கடலைமாவு அரை டீஸ்பூன், காய்ந்த இறால் பொடி ஒரு சிட்டிகை, எலுமிச்சை நாலு சொட்டு, மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) இரண்டு சொட்டு. வெங்காயம் வதக்கிய எண்ணெய் கால் டீஸ்பூன் போதும், பொரித்த வெங்காயத் துண்டுகள் வேண்டாம். பச்சை மிளகாயும் பச்சை வெங்காயமும் இன்னும் சில மாதம் பொறுக்கட்டும். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரை, வெல்லம் எதையும் சேர்க்காதீர்கள். இனிப்பு சட்டென்று குடலுக்கு இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். கையால் பிசைந்த அந்த இரண்டு கரண்டித் தோவை வாயில் வைத்தபோது நான் அழுதுவிட்டேன்.

சாப்பிடுகிற முறை இன்னும் முக்கியம். மீனோ முட்டையோ கோழியோ முதலில், தோ கடைசியில். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போய்ச் சேர வேண்டும். இலையாலும் காயாலும் அந்தச் சின்ன இடத்தை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது. குழந்தைக்கு ஊட்டுகிற கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் 25, 30 தடவை மென்று, கூழான பிறகு விழுங்கி, கரண்டியைக் கீழே வைத்து ஒரு மூச்சு விட்டு, அப்புறம் அடுத்த வாய். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். புதுக் காயைப் பகலில், வீட்டில் இருக்கிற நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு காய் பழகி இரண்டு மூன்று நாள் கழித்தே அடுத்தது. இல்லையென்றால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது.

வெள்ளரிக்குப் பிறகு தக்காளி. முன்பெல்லாம் யாங்கோன் தெயின்ஜி சந்தையில் வீசைக் கணக்கில் வாங்குவேன், இப்போது கால் வீசை, 400 கிராம். இன்லே ஏரித் தக்காளி கிடைத்தால் நல்லது. கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையோடு உரிந்து வரும். விதையையும் எடுத்துவிடுங்கள். தக்காளித் தோலை மெல்லவே முடியாது, சுருண்டு போய் ஒட்டிக்கொள்ளும். நன்றாகப் பழுத்த வெண்ணெய்ப்பழம் இவை எல்லாவற்றையும்விட எளிது, ஆனால் கொழுப்பு அதிகம், இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். பிறகு இளம் லெட்யூஸ் இலை, பொடியாகத் துருவிய கேரட். வல்லாரையைத் தண்டு நீக்கி, இலையை மட்டும் நூல் மாதிரி அரிந்துகொள்ளுங்கள். கோஸ் கடைசியில்தான் வர வேண்டும். நான்காம் மாதம் நான் தொட்டேன், உப்புப் போட்டுப் பிழிந்து.

இந்த வரிசையை நானே ஒரு தடவை மீறினேன். ஒன்பதாவது வாரம் பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தட்டில் சிறகவரைக்காயும் கோஸும் பச்சையாக இருந்தன. பேசிக்கொண்டே இரண்டு துண்டைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நெஞ்சுக்குழியில் கல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. கடைசியில் அது வெளியே வந்து அடங்க இரண்டு மணி நேரம் ஆனது. உங்களுக்கு அப்படி ஆனால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். எழுந்து மெல்ல நடங்கள். அடுத்த நாள் சூப், அதற்கடுத்த நாள் குழைந்த உணவு, அப்புறம் பழையபடி. ஆனால் தண்ணீர்கூட தங்கவில்லை, வாந்தி ஒரு நாள் தாண்டுகிறது, வயிற்றுவலி தாங்க முடியவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் வீட்டில் காத்திருக்கவே கூடாது. தொடர் வாந்தியில் தயமின் (வைட்டமின் பி1) சத்து தீர்ந்துபோய் நரம்பையே பாதிக்கும். ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதை மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வாழைத்தண்டுப் பச்சடி, செலரித் தண்டு, பெர்சிமன் பழம் மூன்றையும் நான் விட்டுவிட்டேன். பெர்சிமனின் துவர்ப்பு இரைப்பை அமிலத்தில் பட்டு இறுகி உருண்டையாகும். அந்த ஆபத்துக்குப் பேர்போன பழம் அது.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமிலம் குறைந்த வயிறு கிருமியை முன்போலத் தடுக்காது. குழாய்த் தண்ணீரில் மண் போக அலசிவிட்டு, கடைசி இரண்டு அலசல் 20 லிட்டர் கேன் தண்ணீரில் செய்கிறேன். மழைக்காலத்தில் இலைகளையே நிறுத்திவிட்டு, தோல் சீவுகிற காய்களோடு இருந்துவிடுகிறேன். முளைப்பயறு எப்போதும் வேகவைத்துத்தான். தெருவில் கையால் பிசைந்து தருகிற தோவை முதல் ஆறு மாதம் தொடவில்லை.

லபெ தோ, அதாவது புளித்த தேயிலைத் தோ, எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேயிலை புளித்து ஊறியதால் மெத்தென்று இருக்கும், பிரச்சினை அதோடு சேர்கிற பொரித்த பட்டாணியும் பூண்டும்தான். நான் ஐந்தாம் மாதம், வெறும் இலையையும் கடலைப்பொடியையும் மட்டும் பிசைந்து, ஒரு மேசைக்கரண்டி சாப்பிட்டேன். தேயிலை, சாப்பாட்டிலும் மாத்திரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நமக்கு அந்தச் சத்து ஏற்கெனவே குறைவாகத்தான் சேரும். அதனால் இரும்பு மாத்திரை எனக்குக் காலையில், லபெ மாலை நாலு மணிக்கு.