இலையுதிர்கால வண்ணங்களுக்குள் குடும்பத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஒக்டோபரிலும் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பிலுள்ள ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம். இருப்பவற்றுள் மிகச் சிவந்த மேப்பிள் மரத்தைத் தேடிப் பிடித்து, அதன் அடிமரத்தில் முதுகு ஒட்டும்படி முழுக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, உச்சிக்கிளையும் படத்துக்குள் வந்துவிட வேண்டுமென்று படமெடுப்பவர் பின்னோக்கி நடந்துகொண்டே போவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரம் முழுமையாக இருக்கும். அம்மம்மாவின் முகம் ஒரு நெல்மணி அளவில், இருண்டு போய் இருக்கும். வண்ணம் எவ்வளவு கூடுதலாக உள்ளே வருகிறதோ அவ்வளவுக்குப் படம் நன்றாக அமையும் என்ற எண்ணமே இந்தப் பருவத்தின் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்.

போகும் கிழமையைத் தவறாகத் தெரிவுசெய்வது எளிதில் தவிர்க்கக்கூடியது. ஒக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாளின் நீண்ட வார இறுதியில்தான் எல்லோருக்கும் விடுமுறை என்பதால், அன்றே ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள அல்கொன்குயின் பூங்காவுக்குப் பல மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவர்கள் பலர். அங்குள்ள சர்க்கரை மேப்பிள்கள் செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலுமே உச்ச நிறத்தை அடைந்துவிடுவதால், சில ஆண்டுகளில் மொட்டைக் கிளைகளே அவர்களை வரவேற்கும். ரொறன்ரோவிலோ அதே நாளில் பல மரங்கள் இன்னும் பச்சையாக நிற்கும். இங்கு ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிந்திய நாட்களே பெரும்பாலும் பொருத்தமானவை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள் நிர்வாகம் பருவம் முழுவதும் வெளியிடும் வண்ண நிலவர அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது பெற்றோல் செலவையும் பிள்ளைகளின் பொறுமையையும் காப்பாற்றும்.

ஒளியைப் பற்றி ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கத்தை இங்கே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுப்பகலில் ஆட்களைப் படமெடுக்கக் கூடாது என்பது யாழ்ப்பாணத்துக்கு மிகச் சரியான அறிவுரை. ஒக்டோபர் நடுப்பகுதியில்கூட அங்கே உச்சிச் சூரியன் தொடுவானிலிருந்து 70 பாகைக்கு மேல் நின்று கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். அதே நாளில் ரொறன்ரோவில் சூரியன் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே இங்கே நேரத்தைவிடத் திசையே முக்கியம். சூரியனை முதுகுக்குப் பின் வைத்து, ஒளி நேராக இலைகளின் மேல் விழும்படி எடுப்பதுதான் வழமை. அவ்வாறு எடுத்தால் இலை வெறும் வண்ணத்தாள் போலத் தட்டையாகத் தெரிவதோடு, எதிரே நிற்பவர்களின் கண்களும் கூசும். மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய், இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒளி வரும்படி நின்று பார்த்தால், அதே இலை விளக்கு ஏற்றியது போல நரம்புகள் தெரிய ஒளிரும். சுற்றி நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மஞ்சள் நிறமி கோடை முழுவதும் பச்சையத்துக்கு அடியில் மறைந்திருந்து இப்போது வெளிப்படுவது, மேப்பிளின் சிவப்போ இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு இப்பருவத்தில் புதிதாக உருவாவது, அதற்கு வெயில் வேண்டும். வெயில் படும் பக்கத்து இலைகள் நிழற்பக்கத்து இலைகளைவிடச் சிவந்திருப்பது அதனால்தான்.

மேகம் மூடிய நாளில் பயணத்தைக் கைவிடுவதும் வீண். மெல்லிய மேகத்தின் கீழ் நிழல்கள் கரைந்து, முகங்களும் இலைகளும் ஒருசேர இதமாகப் பதிவாகும். வெளிறிய வானம் மட்டும் படத்துக்குள் வராதபடி கமெராவைச் சற்றுக் கீழே தாழ்த்தினால் போதும்.

முகங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பொதுவான ஒளிப்பட வழிகாட்டிகள் நம் நிறத்தவரை நினைத்து எழுதப்படுவது அரிது. பிரகாசமான மஞ்சள் இலைகள் படத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, ஒளி கூடிவிட்டதாகக் கமெரா கணக்கிட்டு அதைக் குறைக்கிறது. அதன் விளைவாக மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்கள் மேலும் இருள்கின்றன, வெயில் பின்னாலிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம். கைத்தொலைபேசியின் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவை நிலைநிறுத்திக்கொண்டு, தேவையான அளவு மேலே நகர்த்த வேண்டும். இலைகள் சிறிது வெளுத்தால் பரவாயில்லை. அவற்றை மறு ஆண்டும் எடுக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறு வீட்டுக்கு வந்த பின் நிகழ்கிறது. நிறச்செறிவைக் கூட்டும் பட்டையை முழுவதுமாக வலப்பக்கம் இழுத்தவுடன் மேப்பிள் தீப்பிடித்தது போலத் தெரியும். கூடவே அம்மாவின் கன்னமும் செம்மஞ்சளாகும், ஏனெனில் நம் தோலின் நிறமும் அந்த இலைகளின் நிறமும் ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அத்துடன் சிவப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் இலையின் நரம்பும் மடிப்பும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். படமெடுக்கும்போதே, ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் எனப்படும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'பகலொளி' அல்லது 'மேகமூட்டம்' என்பதில் நிறுத்திவைத்தால் இந்த இழுபறி பெரிதும் தேவைப்படாது. தானியங்கி அமைப்பு பொன்னிறத்தைக் குறையாகக் கருதித் திருத்த முயல்கிறது. நாம் அதைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறோம்.

உடையிலும் அதே 'கூடுதல் வண்ணம்' ஆசை தலைகாட்டும். மேப்பிளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டில் முதல் ஆண்டு எல்லோரும் சிவப்பு உடுத்திப் போனோம். அந்தப் படத்தில் நான்கு தலைகள் இலைக்கூட்டத்திலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். மயில்நீலம், கடும் பச்சை, சந்தன வெள்ளை போன்றவை சிவப்புக்கும் மஞ்சளுக்கும் முன்னே தெளிவாக எடுத்துநிற்கும். ஆட்களை மரத்திலிருந்து நான்கைந்து மீற்றர் முன்னே அழைத்து நிறுத்தி, நீங்களும் பின்னே சென்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு சூமில் எடுத்தால், ஒரே ஒரு கிளைகூடப் பின்னணி முழுவதையும் நிறைத்துவிடும். மாறாக, மிகை அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் மாமாவின் தலை பூசணிக்காயாக நீளும், மரமும் சிறுத்துவிடும்.

மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் இலைகளின் மினுமினுப்பு நிறத்தை மறைக்கும். லென்ஸின் முன் பொருத்தி, பளபளப்பைக் குறைக்கும் முனைவாக்கும் (போலரைசிங்) வடிகட்டியைச் சுழற்றினால் அது அகலும். கைத்தொலைபேசி மட்டுமே உள்ளவர்கள் முனைவாக்கும் வகைக் கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன் பிடித்துச் சுழற்றிப் பார்க்கலாம்.

பிள்ளைகள் இலைகளை வாரி எறியும் படம் எல்லோருக்கும் வேண்டும்; அதில் சறுக்குவது பெரும்பாலும் ஷட்டர் வேகம், அதாவது லென்ஸ் வழியே ஒளி உள்ளே விழும் நேரம். அது 1/500 வினாடியைவிட நீண்டால் கைகளும் இலைகளும் கலங்கிவிடும். கமெராவைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கித் தொடர்ச்சியாக எடுத்து, இலைகள் முகத்தை விட்டு விலகும் கணத்தைப் பின்னர் தெரிவுசெய்துகொள்ளலாம். 'இன்னொருக்கா, இன்னொருக்கா' என்று கேட்பதை மூன்றாவது முறையோடு நிறுத்துவது நல்லது. நான்காவது சிரிப்பு பிள்ளையுடையது அல்ல, உங்களுக்காகச் செய்யப்படுவது.

அந்த இலைக்குவியல் எங்கே இருக்கிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பொய்சன் ஐவி எனப்படும் நச்சுக்கொடி மூன்று மூன்று சிற்றிலைகளாக வளர்வது. இப்பருவத்தில் அதுவும் அழகாகச் சிவந்து, படத்துக்கு அழைப்பது போலவே நிற்கும். உதிர்ந்த இலையில்கூடத் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய்ப் பிசின் எஞ்சியிருக்கும். கறுப்புக்கால் உண்ணிகளும் ரூஜ் பூங்காவில் உள்ளன, வளர்ந்தவை இலையுதிர்காலத்திலும் நடமாடும். ஆகவே பாதையை விட்டுப் புதருக்குள் பிள்ளைகளை உட்கார வைக்காமல், திறந்த புல்வெளியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளையே பயன்படுத்தி, வீடு திரும்பியதும் கால்களையும் கழுத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் மாலை 6.30 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தின் தாழ்ந்த ஒளிதான் இருப்பதற்குள் சிறந்தது. பெரும்பாலான குடும்பங்கள் அந்நேரத்தில் பாயை விரித்து மீன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சாப்பிடுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வரிசையில் நிற்கும்போது விறைத்துப் போகும் அப்பா பாயில் இருக்கும்போது இயல்பாகச் சிரிப்பார். ஆனால் ரோல்ஸ் எண்ணெய் பட்ட விரல் லென்ஸில் பட்டிருந்தால் தாழ்ந்த சூரியனுக்கு எதிரே எடுக்கும் ஒவ்வொரு படமும் புகை மூடியது போலாகும் என்பதால், கடதாசித் துவாலையை விட்டுவிட்டு ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் பையில் எடுத்துப் போங்கள்.