நெடுந்தொடரில் ஜாம்பியின் அச்சம் குறையாமல் எழுதுவது எப்படி?

ஜாம்பிக் கதையின் முதல் அத்தியாயத்தில் வாசகரைப் பயமுறுத்துவது எளிது. கதைமாந்தர்கள் நடைபிணங்களின் மண்டையைப் பழகிய கையோடு பிளந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பயத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். புதிதாக எழுதுவோர் பலர் அப்போது ஜாம்பிகளின் வேகத்தையோ எண்ணிக்கையையோ கூட்டுகிறார்கள். அதுவும் விரைவில் பழகிவிடும். வாசகர் தமக்குத் தெரியும் என்று நம்பியிருக்கும் ஒன்றைப் பொய்யாக்குவதே நீடித்துப் பயன்தரும் வழி என்பது என் உறுதியான கருத்து.

படி 1: விதிகளை வகுத்துக்கொள்ளுங்கள்

உங்கள் ஜாம்பியை ஈர்ப்பது ஒலியா வாசனையா, அது எதனால் வீழும், கடிபட்டவர் எவ்வளவு நேரத்தில் மாறுவார் என்பவற்றை எழுதத் தொடங்கும் முன்பே தாளில் குறித்துவையுங்கள். இவற்றை நடுவில் மாற்றினால் வாசகர் உங்களை நம்பமாட்டார்.

படி 2: ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொள்ள விடுங்கள்

2019இல் வெளியான 'கிங்டம்' என்ற கொரியத் தொடர் இதற்குச் சிறந்த பாடம். (அதை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.) கொரியாவை ஜோசன் அரச மரபினர் ஆண்ட காலத்தில் நடக்கும் அக்கதையில் பிணங்கள் பகலில் அடங்கிக் கிடக்கின்றன, ஆகவே, விடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவற்றை அடக்கிவைத்தது வெளிச்சமல்ல, வெப்பமே என்பது முதல் சீசனின் இறுதியில்தான் தெரியவருகிறது. குளிர்காலத்தில் விடியலும் அவர்களைக் காப்பாற்றாது. பிணங்களிடம் எந்த மாற்றமும் நிகழவில்லை, மனிதர்களின் கணிப்பே தவறிப்போனது. பகலில் அவை வீடுகளின் அடியில் புகுந்துகொள்வது வெளிச்சம், வெப்பம் என்ற இரு விளக்கங்களுக்கும் பொருந்துவதைக் கவனியுங்கள். நீங்கள் முன்கூட்டியே விதைக்கும் ஒவ்வொரு தடயமும் இவ்வாறு பொய்க்கும் மெய்க்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். இல்லையெனில் திருப்பம் ஏமாற்று வேலையாகத் தோன்றும்.

படி 3: பாதுகாப்பான இடத்தைப் பறியுங்கள்

2003 முதல் 2019 வரை 193 இதழ்களாக வந்த 'தி வாக்கிங் டெட்' காமிக்ஸில், கடிபடாமல் இறப்பவரும் எழுந்துவிடுவார். இந்த ஒரு விதியால், மதிலுக்குள் பூட்டிய அறையில் காய்ச்சலோடு உறங்கும் முதியவரும் அபாயமாகிறார். பின்னாளில் பிணத்தோலைப் போர்த்துக்கொண்டு பிணக்கூட்டத்தோடு நடக்கும் மனிதர்களும் அதே கதைக்குள் வருகிறார்கள். அதுவரை மெதுவாக நகரும் கூட்டத்தை அலட்சியமாகக் கடந்த வாசகர், அதன்பின் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்துப் பார்க்க நேர்கிறது.

படி 4: தேவையற்ற வருகைகளை நீக்குங்கள்

எழுதி முடித்த அத்தியாயங்களில் ஜாம்பி தோன்றும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அந்த வருகையால் ஒருவர் உயிரையோ உணவையோ வழியையோ நம்பிக்கைக்குரிய துணையையோ இழக்கவில்லை என்றால், காட்சி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் ஜாம்பியை அங்கிருந்து எடுத்துவிட்டு, கதவுக்கு அப்பால் கேட்கும் ஒலியை மட்டும் விட்டுவையுங்கள்.