கம்மி விலையில் முதல் கைத்துப்பாக்கி: ஒரு நைட் ஷிப்ட் நர்ஸின் கணக்கு

போன மாதம் ஒரு நாள், விடிகாலை மூன்று மணி. எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த தஞ்சாவூர்ப் பெண் சார்ட் எழுதிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அக்கா, உங்ககிட்ட துப்பாக்கி இருக்காமே? நானூறு டாலருக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள். மிக்ஸி வாங்க யோசனை கேட்பதுபோல இருந்தது.

2019-இல் நானும் இப்படித்தான் ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு .380 (அது தோட்டாவின் அளவு) பிஸ்டலை எடுத்து வைத்து, லேடீஸுக்கு இதுதான் என்றார். 280 டாலர். பார்க்க அழகாக இருந்தது. முதல் ஐம்பது தோட்டா சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் இடுக்கில் தோல் உரிந்துவிட்டது. அதன்பிறகு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, போக மனசே வரவில்லை. மூன்று மாதம் டிராயரில் தூங்கியதை 140 டாலருக்கு விற்றுத் தொலைத்தேன்.

சின்னத் துப்பாக்கி என்றால் சின்ன உதை என்று நினைத்தேன். நடப்பது நேர் எதிர். முந்நூறு கிராம்கூட இல்லாத இரும்பு அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளாது, அப்படியே கைக்குத் தள்ளிவிடும். குழல் குட்டை என்பதால் குறிபார்க்கும் முன் முளைக்கும் பின் முளைக்கும் நடுவே இடைவெளியும் குறைவு. கை கொஞ்சம் அசைந்தாலும் குண்டு எங்கோ போகும். அந்த அளவுத் துப்பாக்கிகள் பழகினவர்கள் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போவதற்கு உண்டானவை. பழகுகிறவர்களுக்கு ஆகாது.

நான் நாகர்கோவில்காரி, ஹூஸ்டனில் பதினேழு வருஷம், இப்போது சிட்டிசன். டெக்சாஸ் கணக்கில்தான் சொல்கிறேன். கலிபோர்னியாவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, பணம் கட்டியபின் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கவே முதலில் பெர்மிட் வேண்டும். அவரவர் மாநிலச் சட்டத்தை அவரவர் படித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம். நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் பொதுவாகவே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதே கேள்வி உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். தஞ்சாவூர்ப் பெண்ணிடம் இருந்தது. லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தில்தான்.

கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் உங்கள் இப்போதைய வீட்டு முகவரி அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். என் டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்ததால் முதல் நாள் வெறுங்கையோடு திரும்பினேன். பெயரையும் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். அப்பா பெயர் இனிஷியலா, கடைசிப் பெயரா என்ற நம் ஊர்க் குழப்பத்தை அங்கே காட்டினால் பின்னணிச் சோதனை தாமதமாகும். கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்விக்கு, எங்கள் மாநிலத்தில் அனுமதி இருக்கிறதே என்ற சமாதானம் செல்லாது. மத்தியச் சட்டத்தில் அது இன்னமும் தடைதான். வாங்குவது உங்களுக்காகவா என்றும் கேட்பார்கள். விசாவில் இருக்கும் மச்சானுக்காக நீங்கள் வாங்கிக் கொடுத்தால், 2022-இல் வந்த சட்டப்படி பதினைந்து வருஷம்வரை சிறை. உறவு முறையெல்லாம் அங்கே எடுபடாது.

இனி பணம். நானூறு டாலர் கையில் இருந்தால் நானூறு டாலர் துப்பாக்கி வாங்க முடியாது. இரண்டாவது தடவை நான் ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். துப்பாக்கி 310. வரி எட்டேகால் சதவீதம், ஏறக்குறைய 26. சுவரில் போல்ட் போட்டு இறுக்கும் எஃகுப் பெட்டி 130. காது மூடியும் கண்ணாடியும் சேர்த்து 60. ஒரு நாள் அடிப்படை வகுப்பு 110. ஐந்நூறு தோட்டா 135. எல்லாம் சேர்த்து 771. ரேஞ்ச் கட்டணம் தனி. நானூறுதான் இருக்கிறது என்றால், வகுப்புக்குப் போங்கள், பெட்டியை வாங்குங்கள். துப்பாக்கி ஆறு மாதம் கழித்து வரட்டும், அவசரமில்லை.

இதில் தோட்டாச் செலவுதான் கடைசிவரை கூடவே வரும். இப்போது 9 எம்எம் பயிற்சித் தோட்டா ஒன்று இருபது முப்பது சென்ட். .380 அதைவிடச் சின்னது, ஆனால் விலை அதிகம். விற்பனை குறைவு என்பதால் அப்படி. ரிவால்வருக்கான .38 ஸ்பெஷல் இன்னும் மேலே. .22 மட்டும் பத்து சென்ட்டுக்குள் கிடைக்கும். 2020 கொரோனாக் காலத்தில் ஐம்பது தோட்டாப் பெட்டி நாற்பது டாலருக்கு மேல் போனதை என் கண்ணால் பார்த்தேன், அதுவும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். அதனால் முதல் துப்பாக்கி 9 எம்எம் அல்லது .22. வேறு எதையாவது யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் தோட்டா விலையைக் கேட்டுவிட்டு யோசியுங்கள்.

அடுத்தது கை. என் கை சின்னது. பத்து வருஷம் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டியதில் வலது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம் வேறு. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நான் பார்ப்பவை இவை.

கடைக்காரர் தோட்டா அடுக்கும் மேகசினை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் மேல்பாதியில் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, காலி என்று காட்டித்தான் தர வேண்டும். அவர் பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மேகசின் வெளியே வந்தால் துப்பாக்கி காலி என்று நினைத்துச் செத்தவர்கள் உண்டு; ஒரு தோட்டா சேம்பரில் உட்கார்ந்திருக்கும். முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. விரல் விசையை (டிரிகரை) சுற்றியிருக்கும் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடல் மேல் நீட்டி இருக்கட்டும்.

பிறகு பிடி. கட்டைவிரல் இடுக்கு பிடியின் உச்சியில் நன்றாக ஏறி உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடியே, குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை விசையைத் தொடுகிறதா? தொடுவதற்காகக் கையைச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவதாக, ஸ்லைடை இழுப்பது. எனக்கு இது வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. என் வகுப்பு வாத்தியார், எழுபது வயது ரிட்டயர்ட் ஷெரிப் டெபுட்டி, சொல்லிக் கொடுத்த வித்தை: துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில், முனை எதிரே பார்க்க வைத்துக்கொள். இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பாதி மேல் கவிழ்த்து நான்கு விரலாலும் அழுத்திப் பிடி. இழுக்காதே. வலது கையால் பிடியை முன்னால் குத்து. நாம் தேங்காய் உடைத்து, துருவி, மாவு ஆட்டி வளர்ந்தவர்கள்; தள்ளுகிற பலம் நம்மிடம் இருக்கிறது. முதல் தடவையே வந்துவிட்டது. பத்துத் தடவை தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள், பத்தாவதில் கை நடுங்கினால் வேறு மாடல்.

கடைக் கண்ணாடி முன்னால் நின்று முடிவெடுக்காதீர்கள். ரேஞ்சில் பத்துப் பதினைந்து டாலர் வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி சுடுங்கள். நான் நான்கு எடுத்துப் பார்த்தேன், செலவு தொண்ணூறு டாலர். முதல் தடவை இழந்த 140-ஐ விடக் குறைவு.

அந்த நான்கில் ஒன்று கிளாக் 19. எல்லோரும் அளவுகோலாகச் சொல்லும் துப்பாக்கி அதுதான், ஆனால் புதிது ஐந்நூறைத் தாண்டும். நான் வாங்கியது ருகர் செக்யூரிட்டி-9. உள்ளே மறைந்த சுத்தியல் உள்ள அமைப்பு என்பதால் ஸ்லைடு இழுக்கச் சுலபமாக இருந்தது. மேகசினில் பதினைந்து தோட்டா. பிளாஸ்டிக் பிடி கொஞ்சம் மலிவாகத் தெரியும், சுடும்போது தெரியாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எஸ்டி9 அதே விலைக்கு வரும். விசை எனக்குக் கனமாகப் பட்டது. டாரஸ் ஜி3சி இன்னும் மலிவு, பிரேசில் கம்பெனி. துருக்கியின் கானிக்கில் விசை வெண்ணெய்போல இருக்கும், ஆனால் விலை பட்ஜெட்டின் ஓரத்தைத் தொடும். கைவலி உள்ளவர்கள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி வரிசையைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். ஸ்லைடு மெல்ல இழுத்தாலே வரும்படி செய்தது. ஹை-பாயின்ட் என்று ஒஹாயோவில் செய்யும் ஒன்று இருநூறுக்குள் கிடைக்கும். அம்மிக்கல் கனம், அம்மிக்கல் அழகு. வேறு வழியே இல்லை என்றால்தான்.

சுடப் பழகுவது மட்டுமே நோக்கம் என்றால் .22-இல் டாரஸ் டிஎக்ஸ்22 நல்ல யோசனை. உதை கிடையாது, தோட்டாவும் மலிவு. என் மகளுக்கு 21 ஆனதும் அவள் அதைத்தான் வாங்கினாள்.

பழசு வாங்கலாமா? போலீஸ் இலாகாக்கள் கழித்துவிடும் துப்பாக்கிகள் வெளியே உறையில் உரசித் தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுடாதவையாக இருக்கும். எஃப்பிஐ 9 எம்எம்முக்குத் திரும்பியபின் பல ஊர்ப் போலீசும் .40-ஐ விட்டுவிட்டதால் .40 தோட்டா போடும் கிளாக் 22 (22 மாடல் எண், தோட்டா அளவு இல்லை) மலிவாக வருகிறது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் உதை சுருக்கென்று இருக்கும், தோட்டாவும் விலை கூடுதல். முதல் துப்பாக்கிக்கு நான் சொல்ல மாட்டேன். எந்தப் பழசானாலும் எத்தனை மேகசின் கூட வருகிறது என்று கேளுங்கள். தனியாக வாங்கினால் ஒன்று முப்பது நாற்பது டாலர். சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்த மாடலா என்றும் பார்த்துவிடுங்கள்.

லேசர், டார்ச், வண்ண விசை எதுவும் இப்போது வேண்டாம். மேகசினில் தோட்டா திணிக்கும் அப்லூலா என்ற கருவிக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். என் கட்டைவிரலைக் காப்பாற்றியது அது.

பெட்டி விஷயத்தில் நான் கண்டிப்பு. டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் குற்றம். சட்டம் கிடக்கட்டும். அவசரப் பிரிவில் நான் பார்த்ததைச் சொல்லப் போவதில்லை. தலையணைக்கு அடியில், சேலை மடிப்பில், அரிசி டின்னுக்குப் பின்னால் என்று மறைத்து வைப்பதெல்லாம் பாதுகாப்பு இல்லை. நம் பிள்ளைகள் முறுக்கு டின்னையே கண்டுபிடிப்பவர்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் யாராவது மனசு உடைந்து இருந்தால், நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. வாங்கவே வேண்டாம், அல்லது வெளியே பத்திரமாக ஒப்படைத்துவிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 988-க்கு எந்நேரமும் கூப்பிடலாம்.

நான் துப்பாக்கி வாங்கியதே நைட் ஷிப்ட் பயத்தில்தான். எங்கள் ஆஸ்பத்திரிக்குள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. காரில் வைத்துவிட்டுப் போவது திருடனுக்கு வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். ஆக அது வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. பார்க்கிங்கில் செக்யூரிட்டியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறேன். தஞ்சாவூர்ப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப முதல்ல வகுப்புக்கு மட்டும் போறேன்க்கா" என்றாள்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் கையைக் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சட்டையைத் தனியாகத் துவையுங்கள். ஈயத்தூள் ஒட்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று ஒரு பை வைத்துக்கொண்டு அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள், முக்கியமாக ஊருக்குப் போகும்போது. பை மடிப்பில் தவறிக் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட்டோடு கோர்ட்டுக்கு அலைச்சல். என் பையின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறேன், அவசரத்தில் யாரும் அதை ஊர்ப் பை என்று எடுத்துவிடக் கூடாது என்று.