வீட்டுக் குழந்தைகள் காப்பகம்: பெற்றோர் பார்க்கத் தவறுபவை

பிரசவ விடுப்பு முடியப் போகும் நேரத்தில்தான் பலர் காப்பகம் தேடத் தொடங்குகிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. ஆனாலும் சென்னை, கோவை போன்ற ஊர்களில் பல குழந்தைகள் போய்ச் சேர்வது பக்கத்துத் தெருவில் ஓர் ஆன்ட்டி நடத்தும் வீட்டுக் காப்பகத்துக்குத்தான். அவசரத்தில் தேடும்போது, நடத்துபவரின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். "நல்ல மாதிரியாகத் தெரிகிறார், குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர்" என்று திரும்பி வருகிறோம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், ஏழு குழந்தைகளைத் தனியாக வைத்துக்கொண்டு சமையலையும் அவரே செய்தால் அந்த வீடு பாதுகாப்பானது அல்ல. மனசு நல்லதா என்பதைவிட ஏற்பாடு சரியா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

போன் செய்து, காலை பதினொரு மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு போவது அடுத்த தவறு. அந்த நேரத்தில் எந்தக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். முதல் முறை சொல்லிவிட்டே போங்கள். இரண்டாவது முறை மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் சொல்லாமல் போய் நில்லுங்கள். அப்போதுதான் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும், ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும், இன்னொன்று தூக்கத்துக்கு அழும், வாசலில் கூரியர்காரர் மணி அடிப்பார். கதவைத் திறக்க அவர் எழுந்துபோகும் அந்த இரண்டு நிமிடம் குழந்தைகளுக்கு அருகில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால், அவர் குளியலறைக்குப் போகும்போதும் அதே நிலைமைதான், ஒரு குழந்தைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் அதே நிலைமைதான்.

எத்தனை குழந்தைகள் என்று கேட்கிறோம், எத்தனை பெரியவர்கள் என்று கேட்பதில்லை. நிறுவனக் காப்பகங்களுக்காக மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 3 வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் கூடவே உதவியாளரும் வேண்டும் என்கின்றன. என் பார்வையில் ஒருவருக்குப் பத்துக் குழந்தைகள் என்பதே அதிகம். இங்கிலாந்தில் வீட்டில் தனியாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், பொதுவாக 5 வயதுக்குட்பட்டவர்களில் மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். அந்தக் கணக்கு ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்குத் தீ விபத்து ஒன்றே போதும்: நடக்கத் தெரியாத குழந்தைகளில் எத்தனை பேரை ஒருவரால் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட நெருப்பு, சமையல் நடந்த இடத்திலிருந்துதான் கூரைக்குப் பரவியது. ஆகவே அடுப்புக்கும் விளையாடும் அறைக்கும் நடுவில் தடுப்பு இருக்கிறதா, வெளியே போக இரண்டாவது வழி இருக்கிறதா, கிரில் கேட்டின் பூட்டுச் சாவி எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் குழந்தையை விடாதீர்கள்.

வரவேற்பறையில் ஒட்டிய கார்ட்டூன் படங்களையும் ரப்பர் பாய்களையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. குளியலறைக்குப் போங்கள். நிரம்பிய வாளி இருக்கிறதா? தவழும் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். கார் நிறுத்தும் இடத்தில் உள்ள சம்ப் மூடியைக் காலால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் அது பூட்டப்படவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள். பழைய ஜூஸ் பாட்டிலில் பினாயில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம், இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஜூஸ்தான். கொசுவிரட்டித் திரவம் எட்டும் உயரத்தில் செருகியிருக்கக் கூடாது. பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, மாடிப்படிக் கதவு, நாய் இருந்தால் அதைக் கட்டும் இடம், இவையும் கணக்கில் உண்டு.

தூக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணையும் தளர்ந்த போர்வையும் கூடாது. தூளி கட்டியிருந்தால், அது ஆள் இருக்கும் அறையிலேயே, கண் பார்வையில் இருக்க வேண்டும். பெரிய குழந்தைகள் அதைப் பிடித்து ஆட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். "எல்லோரும் மதியம் மூன்று மணி நேரம் தூங்குவார்கள்" என்று பெருமையாகச் சொன்னால், எப்படி என்று கேளுங்கள். சளி மருந்துகள் பலவற்றுக்குத் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும், காய்ச்சல் மருந்து உட்பட, தரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டிலும் இரண்டு விஷயம்: ஒரு வயதுவரை தேன் வேண்டாம், முழு வேர்க்கடலை, திராட்சை போன்றவை சின்னக் குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்று உண்டு. அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் வந்து போகிறார்கள்? கணவர், கல்லூரி படிக்கும் மகன், மாடியில் குடியிருப்பவர், சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பையன்கள். யாரையும் சந்தேகப்படுவதற்காக இதைக் கேட்கவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதால் கேட்கிறோம். உடை மாற்றுவதும் கழுவி விடுவதும் யார் வேலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். குழந்தையை அழைத்துப்போக யார் வரலாம் என்ற பட்டியலை எழுதிக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத உங்கள் தம்பியை ஒருநாள் அனுப்பிப் பார்ப்பதில் தவறே இல்லை. உங்களுக்குப் போன் செய்யாமல் அவர் கையில் குழந்தையைக் கொடுத்தால், விவரம் தெரிந்துவிட்டது.

கேமரா இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுபவர்களும் உண்டு. கேமரா குளியலறையைக் காட்டாது, அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் உங்களால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. விழுந்த பிறகு எப்படி விழுந்தது என்று சொல்ல மட்டுமே அது உதவும்.

சேர்த்த பிறகும் கவனம் தேவை. முதல் சில நாள் அழுவது இயல்பு. வாரங்கள் கடந்தும் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொண்டு அழுவது, காரணம் சொல்லப்படாத காயம், மாலையில் வழக்கத்துக்கு மாறான மந்தம், இவற்றைக் கண்டால் உடனே அழைத்து வந்துவிடுங்கள். துன்புறுத்தல் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். சந்தேகம் வந்தும் பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், திங்கட்கிழமை குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாததுதான். எனவே முதல் இடத்தைத் தேடும்போதே இரண்டாவது ஓர் இடத்தையும் பார்த்து வைத்து, அங்கே கட்டணமும் இடமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.